தொழிற்சாலைக்கு எத்தனை ஃபோர்க்லிஃப்ட் தேவை? நடைக் கணக்கிலிருந்து வாகன எண்ணிக்கை வரை

ஸ்டோரிலிருந்து பிரஸ் ஷாப்புக்கும், அங்கிருந்து வெல்டிங்குக்கும், கடைசியில் டெஸ்பாட்சுக்கும் சரக்கை நகர்த்த எத்தனை வாகனங்கள் வேண்டும் என்று கேட்டால், புதிதாகச் சேர்ந்த பொறியாளர் பெரும்பாலும் ஒரு நாளின் மொத்த நடைகளை (ஓரிடத்தில் சுமையை எடுத்து இன்னோரிடத்தில் இறக்குவது ஒரு நடை) ஒரு வாகனம் ஓட்டக்கூடிய நடைகளால் வகுத்து விடையைக் கொண்டுவந்துவிடுவார். வகுத்தலில் தவறிருக்காது. வகுபடும் எண்ணில் பாதி வேலை விடுபட்டிருக்கும்; வகுக்கும் எண்ணில் ஓட்டுநர் ஒருபோதும் நிற்காமல் ஓட்டுவதாக எண்ணியிருப்பார். இந்த வழிகாட்டி அந்த இரண்டு எண்களையும் சரியாகப் பெறுவதைப் பற்றியது. ஃபோர்க்லிஃப்டை வைத்தே விளக்கியிருக்கிறேன். டிராலிகளை இழுத்துச் செல்லும் டோ டிரக்குக்கும், ஓட்டுநரின்றித் தானே ஓடும் ஏஜிவிக்கும் எங்கே கணக்கு மாறும் என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன். இடையில் வரும் எண்கள் ஒரு நடுத்தர வாகன உதிரிபாக ஆலையை மனத்தில் வைத்து எடுத்துக்காட்டுக்காக அமைத்தவை. உங்கள் எண்களை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவுப்படி வரைந்த ஆலை வரைபடம், ஒரு மாதத்துக்கான உற்பத்தித் திட்டம், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பின்னில் (பாகங்களை வைத்து நகர்த்தும் பெட்டியில்) எத்தனை அடங்கும் என்ற பட்டியல், ஷிஃப்ட் நேரமும் இடைவேளை நேரமும், இப்போது வாகனங்கள் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றின் பராமரிப்புப் பதிவேடு ஆகிய ஐந்தும் வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஆறாவது, அது கைப்பேசியிலேயே இருக்கிறது.

வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரத்தை அளக்காதீர்கள். இரண்டு ஷாப்புகளுக்கு இடையே ஒரே ஒரு சுவர்தான் இருக்கும். ஆனால் ஷட்டர் அந்தக் கோடியில் இருப்பதால் வண்டி சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். ஒருவழிப் பாதைகள் இருந்தால் போகும் தூரமும் திரும்பும் தூரமும் வெவ்வேறாக இருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. உற்பத்தி எண்ணிக்கையை நடைகளாக மாற்றுதல்

திட்டத்தில் இருப்பது பாகங்களின் எண்ணிக்கை; வாகனத்துக்குத் தெரிவது நடை மட்டுமே. ஒரு ஷிஃப்டில் 1,200 பாகம், பின்னுக்கு 60 என்றால் 20 பின்கள். இரண்டை அடுக்கி எடுக்க முடிந்தால் 10 நடைகள். ஆனால் உற்பத்தி லைன் ஓரத்தில் ஒரு பின்னுக்குத்தான் இடமிருக்கிறது என்றால் அடுக்கி எடுத்துப் பயனில்லை, 20 நடைகள்தான். இதை ஸ்டோரில் கேட்டால் தெரியாது, லைனில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தப் படியில் வழக்கமாக விடுபடுபவை, அநேகமாக இதே வரிசையில்: காலி பின்கள் திரும்பி வருவது, ஸ்கிராப் தொட்டி, மறுவேலைக்குப் போகும் பாகங்கள், டை (பிரஸ்ஸில் தகட்டுக்கு வடிவம் தரும் கனமான அச்சு) மாற்றுவது. காலி பின்னைத் திருப்பிக் கொண்டுபோவதும் ஒரு சுமை நடைதான். பின் காலியாக இருக்கலாம், ஆனால் அதைத் தூக்கும் ஃபோர்க் காலியாக இல்லை. பல ஆலைகளில் முழுப் பின் எத்தனை நடையோ ஏறத்தாழ அத்தனை நடை காலிப் பின்னுக்கும் போகிறது. டை மாற்றத்துக்கு ஃபோர்க்லிஃப்டைக் கூப்பிட்டால் ஒரே அழைப்பு இருபது நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். அதைச் சாதாரண நடையாக எண்ணாமல் நிமிடங்களாகத் தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மணிக்கு எத்தனை நடை என்று மாற்றும்போது, ஷிஃப்டின் 480 நிமிடத்தால் வகுக்காமல், லைன் உண்மையில் ஓடும் நேரத்தால் வகுக்க வேண்டும். உணவு இடைவேளையிலும் தேநீர் இடைவேளையிலும் லைன் நிற்கிறது; எஞ்சிய நேரத்தில்தான் அத்தனை நடையும் நடந்தாக வேண்டும். தேவையை 480 நிமிடத்தால் வகுத்துவிட்டு, வாகனத்தின் கிடைக்கும் நேரத்தில் இடைவேளையைக் கழிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், நேர்மாறாகச் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அடிப்படையில் இருப்பதே முக்கியம்.

3. எங்கிருந்து எங்கே என்ற அட்டவணை

நடைகளின் மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு என்று பிரித்து எழுதினால்தான் ஐந்தாம் படியில் காலி ஓட்டத்தைக் கணக்கிட முடியும். நம் எடுத்துக்காட்டில், லைன் ஓடும் ஒரு மணி நேரத்துக்கு:

ஸ்டோர் – பிரஸ் ஷாப்: 8 நடை, 120 மீட்டர்
ஸ்டோர் – வெல்டிங்: 6 நடை, 180 மீட்டர்
பிரஸ் ஷாப் – வெல்டிங்: 14 நடை, 90 மீட்டர்
வெல்டிங் – பெயின்ட் ஷாப்: 10 நடை, 150 மீட்டர்
பெயின்ட் ஷாப் – டெஸ்பாட்ச்: 10 நடை, 110 மீட்டர்

மொத்தம் 48 நடைகள். ஒவ்வொன்றையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் சுமையோடு ஓடும் தூரம் 5,900 மீட்டர். காலி பின்களை இந்த ஆலையில் ஒரு டோ டிரக் தனியாக இழுத்துக்கொண்டு போவதால் அவை இதில் சேரவில்லை. உங்கள் ஆலையில் அப்படி இல்லையென்றால் அவற்றுக்கும் இதே பட்டியலில் வரிகள் இருக்க வேண்டும்.

4. ஒரு நடைக்கான நேரத்தை நின்று அளத்தல்

வாகனத் தயாரிப்பாளரின் ஏட்டில் உள்ள உச்ச வேகத்தை இங்கே பயன்படுத்தவே கூடாது. ஆலைக்குள் வேகக் கட்டுப்பாடு இருக்கும், திருப்பத்தில் ஹாரன் அடித்து நின்று போக வேண்டியிருக்கும், நூறு மீட்டர் பாதையில் வண்டி வேகம் பிடிப்பதற்குள் நிறுத்த வேண்டிய இடம் வந்துவிடும். பாதை பெரும்பாலும் காலியாக இருக்கும் வேளையில் சில நடைகளை அளந்து, தூரத்தை நேரத்தால் வகுத்து, சராசரி வேகத்தை எடுங்கள். எடுத்துக்காட்டுக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 4.8 கி.மீ. என்று கொள்கிறேன். குறைவாகத் தெரிந்தாலும் அளந்து பார்த்தால் பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் வரும்.

ஏற்றி இறக்கும் நேரத்தை அளக்கும்போது, ஃபோர்க் பேலட்டுக்குள் (சரக்கு வைக்கும் அடித்தட்டுக்குள்) நுழைவதிலிருந்து தொடங்காமல், வண்டி அந்த இடத்துக்கு வந்து நின்ற நொடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வெல்டிங் ஷாப்பில் நான் கண்டது இது. மஞ்சள் கோட்டுக்குள் இருக்க வேண்டிய பின் இரண்டடி வெளியே தள்ளிக் கிடந்தது. ஓட்டுநர் இறங்கினார், உதவியாளரைத் தேடினார், இருவரும் கைத்தள்ளு டிராலியால் அதை நகர்த்தினார்கள். பிறகு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் வேறு பக்கத்திலிருந்து வந்தார். தூக்கி வைத்த வேலை நாற்பது நொடி. வண்டி அங்கே நின்றது நான்கு நிமிடம். புதிதாக வந்த பயிற்சிப் பொறியாளரின் தாளில் நாற்பது நொடி என்றே பதிவாகியிருந்தது. அவர் பொய் எழுதவில்லை. எது வேலை என்று தாமாக முடிவு செய்துகொண்டார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வழித்தடத்திலும் குறைந்தது இருபது முப்பது நடைகளையாவது, வெவ்வேறு ஷிஃப்டிலும் வெவ்வேறு ஓட்டுநரிடமும் அளங்கள். ஓட்டுநரிடம் எதற்காக அளக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆள் குறைக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டால், அன்று நீங்கள் அளப்பது வேறு ஒரு ஆலையின் வேகமாக இருக்கும். நம் எடுத்துக்காட்டில் ஏற்றி இறக்க நடைக்கு 2.5 நிமிடம், 48 நடைக்கு 120 நிமிடம். சுமை ஓட்டத்துக்கு 5,900 ÷ 80, ஏறத்தாழ 74 நிமிடம்.

5. காலி ஓட்டம்

கணக்கு கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். சுமையை இறக்கிய வண்டி அடுத்த சுமை இருக்கும் இடத்துக்குக் காலியாகப் போக வேண்டும். போன வழியே காலியாகத் திரும்பும் என்று வைத்துச் சிலர் சுமைத் தூரத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். சிலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இரண்டுக்கும் பதிலாக, ஒரு கீழ் எல்லையையும் ஒரு மேல் மதிப்பையும் கண்டுபிடியுங்கள். உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும்.

கீழ் எல்லைக்கு, ஒவ்வொரு இடத்திலும் வந்து இறங்கும் நடையிலிருந்து புறப்படும் நடையைக் கழியுங்கள். வெல்டிங்கில் 20 நடை இறங்குகிறது, 10 புறப்படுகிறது. ஆகவே 10 காலி வண்டிகள் மிஞ்சுகின்றன. டெஸ்பாட்சில் 10 மிஞ்சுகின்றன. ஸ்டோரில் 14 வண்டிகள் தேவை, பிரஸ் ஷாப்பில் 6 தேவை. பெயின்ட் ஷாப்பில் வரவும் செலவும் சமம். மிஞ்சும் இடத்திலிருந்து தேவைப்படும் இடத்துக்கு மிகக் குறைந்த தூரத்தில் அனுப்ப வேண்டும். டெஸ்பாட்ச் ஸ்டோருக்கு 60 மீட்டரில் இருப்பதால் அதன் 10 வண்டிகளும் அங்கே போகட்டும். வெல்டிங்கிலிருந்து 6 வண்டிகள் பிரஸ் ஷாப்புக்கும் 4 ஸ்டோருக்கும் போகட்டும். 600 + 540 + 720, ஆக 1,860 மீட்டர். இதைவிடக் குறைவாக எந்த மேற்பார்வையாளராலும் ஓட்ட முடியாது. இடங்கள் பத்துக்கு மேல் போனால் எக்செலில் மிகக் குறைந்த மதிப்பைத் தேடித் தரும் சால்வரில் இதே கணக்கைப் போடலாம்.

மேல் மதிப்புக்கு, கூப்பிட்ட வரிசைப்படி வண்டி போவதாகக் கொள்ளுங்கள். பல ஆலைகளில் உண்மையில் நடப்பதும் அதுதான்: யார் முதலில் வாக்கிடாக்கியில் கூப்பிட்டாரோ அவரிடம் வண்டி போகிறது, அது எவ்வளவு தொலைவானாலும். அப்போது, ஓரிடத்தில் இறக்கிய வண்டி அடுத்து எங்கே போகும் என்பது, எந்த இடத்திலிருந்து எத்தனை நடை புறப்படுகிறது என்ற விகிதத்தைப் பொறுத்தது. 48 நடைகளில் 14 ஸ்டோரிலிருந்தும், 14 பிரஸ் ஷாப்பிலிருந்தும், பத்துப் பத்து வெல்டிங்கிலிருந்தும் பெயின்ட் ஷாப்பிலிருந்தும் புறப்படுகின்றன. எனவே வெல்டிங்கில் இறக்கிய வண்டியின் சராசரிக் காலி ஓட்டம் (14 × 180 + 14 × 90 + 10 × 0 + 10 × 150) ÷ 48, அதாவது 110 மீட்டர். அங்கே 20 நடை இறங்குவதால் 2,200 மீட்டர். மற்ற இடங்களுக்கும் இப்படியே போட வேண்டும். அதற்கு இன்னும் சில இடைத்தூரங்கள் வேண்டும். பிரஸ் – பெயின்ட் 200, ஸ்டோர் – பெயின்ட் 160, டெஸ்பாட்ச் – பிரஸ் 140, டெஸ்பாட்ச் – வெல்டிங் 200 மீட்டர் என்று கொண்டால் மொத்தக் காலி ஓட்டம் ஏறத்தாழ 5,555 மீட்டர் வருகிறது.

1,860 எங்கே, 5,555 எங்கே! சரக்கும் தூரமும் வண்டியும் மாறவில்லை. அடுத்த நடையை யாருக்குக் கொடுப்பது என்ற விதி மட்டுமே மாறியிருக்கிறது. நிமிடத்தில் சொன்னால் முதலாவது 23, இரண்டாவது 69. ஏற்றி இறக்கலையும் சுமை ஓட்டத்தையும் சேர்த்தால், ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டிய மொத்த வேலை கீழ் எல்லையில் 217 நிமிடம், மேல் மதிப்பில் 263 நிமிடம்.

6. ஒரு வாகனம் மணிக்குத் தரும் நிமிடங்கள்

அறுபது அல்ல. பழுது, பராமரிப்பு போக வண்டி கிடைக்கும் பங்கு 0.92 என்றும், சந்திப்புகளிலும் ஷட்டர்களிலும் பிற வண்டிகளுக்காக நிற்பதற்கு 0.90 என்றும், ஓட்டுநரின் செயல்திறனுக்கு 0.90 என்றும் கொண்டால், 60 × 0.92 × 0.90 × 0.90, அதாவது ஏறத்தாழ 44.7 நிமிடம் கிடைக்கும்.

இந்தப் பெருக்கிகளில் ஒரே இழப்பை இருமுறை கழித்துவிடும் ஆபத்து உண்டு. நெரிசலான வேளையில் அளந்த வேகத்தையே எடுத்திருந்தால் நெரிசல் அதிலேயே அடங்கிவிட்டது, மறுபடி 0.90-ஆல் பெருக்கக் கூடாது. நான்காம் படியில் பாதை காலியாக இருக்கும் வேளையில் அளக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். வண்டி எண்ணிக்கை கூடக்கூட நெரிசலும் கூடும் என்பதால், விடை பத்தைத் தாண்டினால் நெரிசல் பெருக்கியைக் குறைத்து ஒருமுறை மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்.

7. வகுத்தல், முழு எண்ணாக்கல், காத்திருப்பு

217 ÷ 44.7 = 4.85, 263 ÷ 44.7 = 5.88. மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 5, 6. பெரும்பாலோர் இங்கே பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஆறு வண்டிகள், 5.88 வண்டிக்கான வேலை என்றால் பயன்பாடு 98 சதவீதம். அழைப்புகள் சீரான இடைவெளியில் வந்தால் அது நடக்கும். ஆனால் அவை அப்படி வருவதில்லை. ஐந்து நிமிடம் யாரும் கூப்பிட மாட்டார்கள், பிறகு நான்கு பேர் ஒன்றாகக் கூப்பிடுவார்கள். அழைப்புகளும் நடை நேரங்களும் ஒழுங்கின்றி மாறுவதாகக் கொண்டு வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் எர்லாங் சி சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், ஆறு வண்டிகளில் ஓர் அழைப்பின் சராசரிக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தை எட்டுகிறது. ஏழு வண்டிகளில் அது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. எட்டில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆறிலிருந்து ஏழுக்குப் போகும்போது கிடைக்கும் பலன் மிகப் பெரிது, ஏழிலிருந்து எட்டுக்கு அற்பம். ஒரே ஷிஃப்டுக்குள் அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பை நீங்கள் நேரில் பார்க்காமல் போகலாம், ஏனென்றால் அதற்குள் லைன் நின்று அழைப்புகளும் நின்றுவிடும்.

எனவே பயன்பாடு 85 சதவீதத்தைத் தாண்டாமல் எண்ணிக்கையை வைப்பது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் கூப்பிட்ட வரிசைப்படி ஓடும் ஆலைக்கு 7 வண்டிகள் வேண்டும், பயன்பாடு 84 சதவீதம். காலி வண்டியைக் கிட்டத்தில் உள்ள சுமைக்கு அனுப்பும் ஒழுங்கு இருந்தால் 6 வண்டிகளிலேயே பயன்பாடு 81 சதவீதம் வரை குறையலாம். ஏழாவது வண்டிக்குப் பணம் கேட்கும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள். எப்போதும் அருகிலுள்ள அழைப்பையே எடுத்தால் தொலைவில் இருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். ஆகவே ஓர் அழைப்பு பத்து நிமிடத்தைத் தாண்டினால் அதற்கே முதலிடம் என்ற விதியையும் சேர்த்து வைக்க வேண்டும்.

நிர்வாகத்திடம் இதைச் சொல்லும்போது ஓர் எதிர்ப்பு நிச்சயம் வரும்: வண்டி சும்மா நிற்பதை நானே பார்த்தேனே என்பார்கள். பார்த்திருப்பார்கள். பதினைந்து சதவீத நேரம் சும்மா நிற்கும்படிதான் நாம் கணக்கிட்டிருக்கிறோம். வண்டி சும்மா நிற்பதன் விலையையும் லைன் சும்மா நிற்பதன் விலையையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுவதே அதற்கான பதில்.

8. உச்ச மணி

48 நடை என்பது சராசரி. காலை ஷிஃப்டின் முதல் மணி நேரத்தில் அது 56 ஆகிறது என்றால், வேலை 307 நிமிடமாகி, ஏழு வண்டிகளும் மீண்டும் 98 சதவீதத்துக்குப் போய்விடும். உடனே எட்டாவது வண்டியை எழுதாதீர்கள். அந்த எட்டு நடைகள் எவை என்று முதலில் பாருங்கள். அன்றைய உலோகத் தகடுகளை பிரஸ் ஷாப்பில் நிரப்புவதாக இருந்தால் முந்தைய ஷிஃப்டின் கடைசி அரை மணியில் அதை முடித்துவிடலாம். டெஸ்பாட்ச் லாரிகள் எல்லாம் ஒன்பது மணிக்கே வந்து நிற்பதாக இருந்தால் அவற்றுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கலாம். நகர்த்தவே முடியாத உச்சம் மாதத்தின் கடைசி நாட்களில் மட்டும் வருமானால், அந்த நாட்களுக்கு ஒரு வண்டியை வாடகைக்கு எடுப்பதே மலிவு.

9. பேட்டரியும் மாற்று வண்டியும்

டீசல் வண்டிக்கு இந்தப் படி சிறியது. லெட் ஆசிட் பேட்டரி வண்டியென்றால், முழு சார்ஜுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரமும் அதன் பிறகு ஆறுவதற்கு நேரமும் வேண்டும். ஆகவே ஒரு ஷிஃப்ட் ஓடும் ஆலையில் கணக்கு மாறாது. மூன்று ஷிஃப்ட் என்றால் மாற்று பேட்டரிகளும், அவற்றை மாற்றும் நேரமும், சார்ஜிங் அறைக்குப் போய்வரும் தூரமும் கணக்கில் சேரும். லித்தியம் பேட்டரிக்கு இடைவேளைகளில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஏஜிவி நான்கு மணி ஓடி ஒரு மணி சார்ஜில் நிற்குமானால், ஆறாம் படியின் பெருக்கலில் 0.80 ஒன்று கூடும். ஓட்டுநர் பெருக்கி அங்கே நீங்கிவிடும்.

மாற்று வண்டி தனியாக வைப்பதென்றால் 0.92 என்ற பெருக்கியை எடுத்துவிடுங்கள். பழுதுக்கு அதிலும் இடம் கொடுத்து, மாற்று வண்டியையும் வாங்குவது இருமுறைச் செலவு.

10. துறைவாரியாகப் பிரிக்கும் முன்

ஒவ்வொரு துறைத் தலைவரும் தமக்கென்று ஒரு வண்டியைக் கேட்பார். மூன்று துறைகளுக்குத் தலா 1.2 வண்டிக்கான வேலை இருந்தால், பொதுவில் 3.6, 85 சதவீத வரம்போடு 5 போதும். பிரித்துக் கொடுத்தால் தலா 2, ஆக 6. பெயின்ட் ஷாப்புக்குள் டீசல் வண்டி போகக் கூடாது, கனமான டைக்கு அதிகத் திறன் வேண்டும் என்பன போன்ற உண்மையான காரணங்கள் இருந்தால் மட்டும் பிரியுங்கள். அப்போதும் ஒவ்வொரு வகைக்கும் இரண்டாம் படியிலிருந்து தனிக் கணக்கு போடுங்கள்.

டோ டிரக் குறிப்பிட்ட பாதையில் குறிப்பிட்ட இடைவெளியில் சுற்றுவதாக இருந்தால் மேலே உள்ள முறை வேண்டியதில்லை. நிறுத்தங்களையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 40 நிமிடம், லைனுக்கு 30 நிமிடத்துக்கு ஒருமுறை சரக்கு வர வேண்டும் என்றால், 40 ÷ 30 = 1.33; இரண்டு வண்டிகள். ஆனால் அந்த 30 நிமிடத் தேவை முழுவதும் ஒரே சுற்றின் டிராலிகளில் அடங்குகிறதா என்பதைத் தனியே சரிபார்க்க வேண்டும்.

11. தளத்தில் சரிபார்த்தல்

விடையைக் கொடுத்த பிறகு ஒரு வாரமாவது அழைப்பு வந்த நேரம், வண்டி வந்த நேரம், இறக்கி முடித்த நேரம் ஆகிய மூன்றையும் பதியுங்கள். வண்டியின் மணி மீட்டரை மட்டும் பார்த்துப் பயன்பாட்டைச் சொல்லாதீர்கள். காலியாகச் சுற்றும் வண்டிக்கும் அந்த மீட்டர் ஓடும். நடை எண்ணிக்கை கணக்கோடு பொருந்தி, காத்திருப்பு மட்டும் அதிகமாக இருந்தால் வண்டியை எந்த அழைப்புக்கு அனுப்புவது என்ற முறையைப் பாருங்கள். நடை எண்ணிக்கையே அதிகமாக இருந்தால் இரண்டாம் படியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. முதலில் காலி பின்களை எண்ணிப் பாருங்கள்.

பாதைகள் பல இடங்களில் குறுக்கிடும் ஆலையிலும், ஏஜிவிகள் ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டிய ஆலையிலும் இந்தத் தாள் கணக்கு போதாது. ஆலையின் ஓட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் செய்ய வேண்டும். அதற்கும் உள்ளே போவது இதே அட்டவணையும் இதே அளந்த நேரங்களுமே. பின்னின் அளவோ, உற்பத்தித் திட்டமோ, ஒரு ஷட்டரின் இடமோ மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டாம் படியிலிருந்து மறுபடி போடுங்கள். எக்செல் தாள் ஒழுங்காக இருந்தால் அது அரை மணி நேர வேலை.